டெமகாமி ஏரியில் ஸ்லஷில் சிக்கிய இரண்டு ஸ்னோமொபைல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இடமும் பருவமும்

டெமகாமி ஏரி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நார்த் பே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், 11-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. கை விரல்களை விரித்தாற்போல நான்கைந்து நீண்ட கிளைகள், 1,200-க்கும் மேற்பட்ட தீவுகள். அப்பகுதிப் பூர்வகுடிகளின் அனிஷினாபே மொழியில் இந்தப் பெயருக்குக் கரையோரமே ஆழமான நீர் என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி பல இடங்களில் பாறைக்கரை நேராக ஆழத்தில் இறங்குகிறது. குடில்கள் ஏறக்குறைய எல்லாமே தீவுகளில்தான். கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிமேல் ஓடும் எஞ்சின் வண்டியான ஸ்னோமொபைல். நடுவில் உள்ள பேர் தீவுக்கு மட்டும் குளிர்காலத்தில் ஏரியின் மேலேயே கார் போகும் பாதை அமைப்பார்கள்.

இந்த நிகழ்வு ஜனவரி கடைசி வாரத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தது. டெமகாமி ஊரிலிருந்து வடகிழக்குக் கிளை வழியாக 22 கி.மீ. தள்ளியிருந்த தீவுக் குடில் ஒன்றுக்கு நான்கு பேர் மூன்று வண்டிகளில் புறப்பட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருக்குக் கால்விரல்களில் பனிக்கடி (குளிரில் சதை உறையும் காயம்), ஒரு வண்டி ஒரு இரவு ஏரியில். பெரிய விபத்து ஆகவில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறோம். ஐஸ் உடைந்து மூழ்குவதைப் பற்றி எச்சரிக்கைகள் நிறைய உண்டு. ஐஸ் உடையாமலேயே நடக்கும் இந்த வகைச் சிக்கலைப் பற்றிப் பேச்சு குறைவு. இந்த ஏரியிலோ இதுதான் அடிக்கடி நடக்கிறது.

தமிழில் பனி என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். இங்கே அது குழப்பும். ஏரி உறைந்து உண்டாகும் கெட்டித் தளத்தை ஐஸ் என்றும், வானிலிருந்து பெய்வதைப் பனி என்றும், ஐஸுக்கு மேலே, பனிக்கு அடியில், நீர் ஊறிய கூழை ஸ்லஷ் என்றும் குறிப்பிடுகிறோம்.

ஐஸ் கெட்டியாக இருந்தும் மேலே நீர் ஏன்

ஐஸ் நீரில் மிதக்கிறது. அதன் கனத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும். அன்று அந்த இடத்தில் ஐஸ் 33 செ.மீ. அப்படியானால் மேலே நிற்பது 2.7 செ.மீ. அளவே. ஒரு சதுர மீட்டருக்கு 27 கிலோ பாரம் ஏறினால் ஐஸின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு இறங்கிவிடும். முந்தைய ஐந்து நாட்களில் 40 செ.மீ. பனி பெய்து ஓரளவு அமர்ந்திருந்தது. அந்த மாதிரிப் பனி சதுர மீட்டருக்கு 60 கிலோ வரும். மிச்சப் பாரம் ஐஸை அமுக்க, விரிசல்கள் வழியாக நீர் மேலேறிப் பனியின் அடிப்பகுதியை நனைக்கும். பனி ஊறி, ஊறிய பகுதியே மிதப்புக் கொடுக்கத் தொடங்கும்வரை ஏற்றம் நிற்காது. இந்தக் கணக்கில் ஸ்லஷ் 20 செ.மீ. வரை வரலாம். அன்று அளந்தபோது 16 முதல் 21 செ.மீ. வரை இருந்தது.

மேலே மிச்சமிருக்கும் உலர்ந்த பனி கம்பளிபோல வெப்பத்தைக் காக்கிறது. அதனால் மைனஸ் 25 டிகிரியிலும் ஸ்லஷ் பல நாள் உறையாமல் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வெள்ளை வெளேரென்று சமதளம்.

இதிலிருந்து வரும் இன்னொரு செய்திதான் இந்த நிகழ்வுக்கு முக்கியம். வண்டிகள் தினமும் ஓடும் தடத்தில் பனி அமுங்கிவிடுகிறது. அமுங்கிய பனி வெப்பத்தை வேகமாகக் கடத்தும். அடியில் உள்ள ஸ்லஷ் ஓரிரு இரவில் உறைந்து ஐஸோடு ஐஸாகிவிடும். அந்தத் தடம் வழியைக் காட்டுவதோடு நிற்பதில்லை. ஊர்க்காரர்கள் பல வாரம் ஓட்டி ஓட்டிக் கட்டிய தளம் அது. அதைவிட்டு இரண்டு மீட்டர் விலகினாலே கதை வேறு.

குழுவும் வண்டிகளும்

முதல் வண்டி அகலப் பட்டை (வண்டியை உந்தும் சுழல் பட்டை) கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் பயன்பாட்டு வண்டி, பின்னால் 130 கிலோ சாமான் ஏற்றிய ஸ்லெட் என்ற சறுக்கு இழுவண்டி. ஓட்டியவருக்கு இந்த ஏரியில் 25 ஆண்டுப் பழக்கம். இரண்டாவது, இருவர் அமரும் நான்கு ஸ்ட்ரோக் சுற்றுலா வண்டி. 300 கிலோவை ஒட்டிய எடை, அதில் பெரும்பகுதி முன்பக்கம். ஓட்டியவருக்கு மூன்று குளிர்காலப் பழக்கம். பின்னால் அமர்ந்தவருக்கு இதுவே முதல் பயணம். மூன்றாவது, நீளப் பட்டை கொண்ட இலகுவான ஒற்றை ஆள் வண்டி, பத்தாண்டுக்கு மேல் பழகியவர்.

ஸ்லெட்டில் கைத்துளைக் கருவி, கோடரி, மடக்கு ரம்பம், 20 மீட்டர் கயிறு, பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலமான பனிக் காலணிகள் இரண்டு ஜோடி, உறங்கும்போது போர்த்திக்கொள்ளும் தூக்கப்பை, தார்ப்பாய், எஞ்சின் விசையைப் பட்டைக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட் மாற்றாக ஒன்று, முன்னவருடைய பூட்ஸுக்கான மாற்றுக் கம்பளி உறை ஒரு ஜோடி, செயற்கைக்கோள் செய்திக் கருவி எல்லாம் இருந்தன. நல்ல ஆயத்தம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் பின்னிருக்கைப் பயணியின் பூட்ஸ் கணுக்காலுக்குச் சற்று மேல்வரைதான், உள்ளுறையைக் கழற்ற முடியாத வகை. புறப்படும் முன் யாரும் அதைப் பார்க்கவில்லை. வண்டிகளுக்கிடையே பேசிக்கொள்ள வாக்கி-டாக்கியும் இல்லை.

புறப்பாடு

காலை 11:30-க்குக் கிளம்பத் திட்டம். ஸ்லெட்டை இணைக்கும் ஊசியில் விரிசல் தெரிந்ததால் அதற்குப் பதில் போல்ட் தேடிப் பூட்டி, கிளம்பியது 14:20. ஊசியை மாற்றியது சரியான செயல். பிழை என்னவென்றால், மூன்று மணி நேரம் தாமதமான பிறகும் பயணத் திட்டத்தை மறுபடி யோசிக்கவில்லை. அந்த வாரம் சூரியன் மறைவது 17:15-ஐ ஒட்டி. தடம் நன்றாக இருந்தால் 22 கி.மீ. ஒரு மணி நேர ஓட்டம். இருட்டுமுன் சேர்ந்துவிடலாம் என்ற கணக்கில் கிளம்பினார்கள். எதுவும் தவறாமல் நடந்தால் மட்டுமே நிற்கும் கணக்கு அது.

வெப்பநிலை மைனஸ் 19. மேற்குக் காற்று மணிக்கு 30 கி.மீ. இரண்டும் சேர்ந்தால் தோல் உணரும் குளிர் மைனஸ் 31.

தடத்தை விட்டு விலகியது

12 கி.மீ. வரை சிக்கல் இல்லை. 15:20 அளவில் திறந்த பரப்புக்கு வந்ததும் காற்று நேர் எதிரே. பறக்கும் பனி தடத்தை மூடியது, குச்சி அடையாளங்கள் விட்டு விட்டுத்தான் தெரிந்தன. பின்னால் வந்த பயணி குளிரில் நடுங்குவதை முன்னவர் திரும்பிப் பார்த்தார். தெற்கே ஒரு தீவுக்கூட்டம். அதன் மறைவில் போனால் காற்று படாது, 2 கி.மீ. சுற்றுதான் என்று தடத்தைவிட்டு இறங்கினார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

இரக்கத்தோடு எடுத்த முடிவு இது. ஆனால் காற்று மறைவான இடத்தில்தான் பனி ஆழமாகச் சேர்கிறது. பனி ஆழமான இடத்தில்தான் ஸ்லஷ் பிறக்கிறது. நடு ஏரியில் காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடுவதால் ஐஸ் மேல் பாரம் குறைவு, ஸ்லஷும் குறைவு. முகத்துக்குக் கொடுமையான பாதை வண்டிக்குப் பாதுகாப்பானது. முன்னவருக்கு இது தெரியாததல்ல. ஐந்து நாள் பனியைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வாரம் அவர் ஓடியதெல்லாம் தடத்தின் மேலேயே. மூடிய வெள்ளைக்கு அடியில் என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்க்க அவருக்கு வாய்ப்பே அமையவில்லை. வெயிலடிக்கும் ஒரு பகலில் தடத்தோரம் கோல் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நடுவழி ஒன்றும் இருந்தது. தடத்திலேயே நின்று, பயணியை ஸ்லெட்டின் பின்பக்க மறைவில் உட்காரவைத்து, முகமூடியும் கையுறையும் சரிசெய்து, வேகத்தைக் குறைத்துப் போயிருக்கலாம். பத்து நிமிடம் போதும்.

15:40 முதல் 15:45 வரை

முதல் அறிகுறியைக் கண்டவர் கடைசியில் வந்தவர். முன் வண்டிகள் விட்டுச் சென்ற வெள்ளைத் தடம், தீவுக்கு 400 மீட்டர் இருக்கும்போது, ஈரச் சிமெண்ட் போலச் சாம்பல் நிறமாக மாறியது. ஸ்லஷின் உறுதியான அடையாளம் அதுதான். முன்னால் ஓட்டுபவர் திரும்பிப் பார்த்தால் ஒழிய அது அவர் கண்ணில் படாது. மூன்றாமவர் கையசைத்தார்; யாரும் பார்க்கவில்லை.

அடுத்த அறிகுறி முன்னவருக்கே கிடைத்தது. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் இறங்குகிறது, ஸ்டீயரிங் கனக்கிறது. அந்த நொடியில் அவர் என்னவென்று பார்க்க த்ராட்டிலை (வேகம் கூட்டும் நெம்பு) சற்று விட்டார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை பட்டை ஸ்லஷின் மேற்பகுதியை மிதித்து மிதந்து போகிறது. வேகம் குறைந்ததும் பின்பகுதி அமிழ்ந்து, பட்டை ஐஸைத் தொட்டு, பிடிமானமில்லாமல் சுழலும். ஸ்லெட் நங்கூரம் போலானது. 15:42-க்கு நின்றது.

இரண்டாமவர் உதவும் எண்ணத்தில் அதே தடத்தில் ஆறு மீட்டர் பின்னால் வந்து நிறுத்தினார். முன் வண்டி உழுத தடத்தில் தாங்கும் மேல்பனி ஏற்கெனவே உடைந்திருக்கும். அதில் பின்தொடர்வது புதுப் பனியில் ஓடுவதைவிட மோசம். அவருடைய வண்டியும் உடனே அமிழ்ந்தது.

மூன்றாமவர் செய்ததுதான் அன்றைய நாளைக் காப்பாற்றியது. இருவரும் நிற்பதைக் கண்டதும் நிறுத்தவில்லை. த்ராட்டிலை முழுக்க அழுத்தி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, புதுப் பனியில் அகலமான வளைவெடுத்து நடு ஏரிப் பக்கம் திரும்பினார். அவர் வண்டிக்கு அடியிலும் ஸ்லஷ் தெறித்தது. 200 மீட்டர் தள்ளி, காற்று வாரிய, பனி 8 செ.மீ. மட்டுமே இருந்த கெட்டித் திட்டில் ஏறிய பிறகே நின்றார். பிறகு பனிக் காலணி இல்லாமல், தன் வண்டி அமுக்கிய தடத்தின் விளிம்பில் மெதுவாக நடந்து வந்தார். நின்ற இரண்டு வண்டிகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் அன்றிரவு நால்வரும் தீவில்தான்.

இதற்கிடையே பின்னிருக்கைப் பயணி இடது பக்கம் இறங்கினார். பார்வைக்குத் தரை போலவே இருந்தது. பனி, கூழ், நீர் என்று கால் முழங்காலருகே போனது. பூட்ஸின் வாய் வழியாக நீர் உள்ளே இறங்கியது. ஏரி உடைகிறது என்று பயந்து மறு காலையும் ஊன்றினார். இரண்டு கால்களும் நனைந்தன.

முதல் முக்கால் மணி

15:45-லிருந்து 16:30 வரை நடந்தவற்றில் பெரும்பாலானவை வீண். த்ராட்டிலை அழுத்தியும் விட்டும் முதல் வண்டியை அசைக்கப் பார்த்தார்கள். ஒவ்வொரு முயற்சியிலும் பட்டை கூழை அள்ளி, பட்டை சுழலும் கூடான டனலுக்குள் திணித்தது. வண்டி இன்னும் கனத்தது. நான்காவது முயற்சியில் ரப்பர் கருகும் வாடை வந்தது. டிரைவ் பெல்ட் கப்பிகளுக்கிடையே வழுக்கி ஓரிடத்தில் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அந்த வாடைக்குப் பிறகு முன்னவர் எஞ்சினை அணைத்து, எல்லோரையும் கையை எடுக்கச் சொன்னார். அப்போதுதான் பயணி, கால் வலி நின்றுவிட்டது என்றார். நனைந்து முக்கால் மணி நேரம் கழிந்த காலில் வலி நிற்பது நல்ல செய்தி அல்ல. அதுவரை யாரும் அவர் காலைப் பற்றிக் கேட்கவில்லை. நால்வரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வில் எங்களுக்கு மிகவும் உறுத்துவது இந்த 45 நிமிடம்தான்.

16:35-க்கு முன்னவர் துளைக் கருவியால் ஐஸில் துளையிட்டார். தெளிந்த ஐஸ் 20 செ.மீ., அதன்மேல் ஊறிய பனி உறைந்து உண்டான வெள்ளை ஐஸ் 13. வெள்ளை ஐஸுக்குப் பாதி வலுதான் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிக் கணக்கிட்டாலும் 26.5 செ.மீ.க்குச் சமம், ஸ்னோமொபைலுக்குத் தெளிந்த ஐஸ் 12-13 செ.மீ. போதும் என்பதே ஒன்டாரியோவில் சொல்லப்படும் அளவு. துளை வழியாக நீர் ஏறி ஸ்லஷின் மட்டத்தில் நின்றது. காலடியில் ஏரி உடையவில்லை என்பதைப் பழக்கம் குறைந்த இரண்டாமவரும் பயணியும் கண்ணால் பார்த்த பிறகுதான் பதற்றம் தணிந்தது.

கால்கள் முதலில்

பயணியை ஸ்லெட்டின் சாமான் மேல் உட்காரவைத்து, தார்ப்பாயைக் காற்றுத் தடுப்பாகப் பிடித்து, பூட்ஸைக் கழற்றினார்கள். லேஸ் ஐஸாகி இறுகியிருந்ததால் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. வலது காலில் மூன்று விரல்கள் மெழுகு போல வெளிறி, தொட்டால் உணர்வில்லை. அழுத்திப் பார்த்தபோது தோலுக்கு அடியில் சதை மென்மையாகவே இருந்தது. கல் போல இறுகவில்லை. ஆகவே மேலோட்டமான பனிக்கடி என்று கணித்தார்கள்.

இங்கே ஒரு முடிவு தேவைப்பட்டது. உறைந்த சதையைச் சூடாக்கிய பிறகு மறுபடி உறையவிட்டால் சேதம் பலமடங்கு. ஆழமாக உறைந்திருந்தால் அப்படியே உலர்வாக மூடி மருத்துவமனை சேர்ப்பதே நல்லது. மேலோட்டமானது என்பதாலும், இனிமேல் காலை உலர்வாக வைக்க வழி இருந்ததாலும், சூடாக்குவது என்று தீர்மானித்தார்கள். இரண்டாமவர் தன் அங்கியைத் திறந்து, இரு பாதங்களையும் வயிற்றோடு ஒட்டி 20 நிமிடம் வைத்துக்கொண்டார். தேய்க்கவில்லை, எஞ்சினின் சூட்டிலும் காட்டவில்லை. உணர்வற்ற தோலுக்குச் சுடுவது தெரியாது. இரண்டு விரல்களில் வலியோடு உணர்வு திரும்பியது, மூன்றாவதில் திரும்பவில்லை.

பிறகு உலர்ந்த காலுறை இரண்டு, அதன்மேல் முன்னவருடைய மாற்றுக் கம்பளி உறை, அதற்கு வெளியே தார்ப்பாயிலிருந்து வெட்டிய துண்டு, கயிற்றால் கட்டு. கால்கள் தூக்கப்பைக்குள். இனி தரையில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னார்கள்.

16:50-க்குக் குடிலில் காத்திருந்தவருக்குச் செய்தி போனது: ஸ்லஷில் நிற்கிறோம், ஐஸ் கெட்டி, யாரும் தேடி வர வேண்டாம், அடுத்த செய்தி 19 மணிக்கு. தேடி வருபவர் இருட்டில் அதே ஸ்லஷில் இறங்குவது இந்த ஏரியில் புதிதல்ல; அந்தக் கடைசிப் பகுதி அவசியமானது. 19 மணிக்குள் இரண்டாவது வண்டி வெளிவராவிட்டால் தீவில் நெருப்பு மூட்டித் தங்குவது என்றும் அப்போதே முடிவு செய்தார்கள்.

இரண்டாவது வண்டியை மீட்டது

முதல் வண்டியைத் தொடவில்லை. பெல்ட் போனது, ஸ்லெட் வேறு. இரண்டாவதில் கவனம் வைத்தார்கள்.

மூன்றாமவர் பனிக் காலணியோடு தீவுக்குப் போய் பால்சம் என்ற ஊசியிலை மரக் கிளைகளும், மணிக்கட்டு கனத்தில் நான்கு கழிகளும் வெட்டி வந்தார். மற்ற இருவரும் மிச்சமிருந்த ஒரு ஜோடிப் பனிக் காலணியை மாறி மாறி அணிந்து வண்டிக்கு முன்னால் 15 மீட்டர் நீளத்துக்கு மிதித்து ஓடுபாதை செய்தார்கள். ஓடுபாதையை மூன்றாவது வண்டி வளைந்து போன தடத்தோடு சேர்த்தது கவனிக்க வேண்டியது. அந்தத் தடம் திறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. குளிர் நேரடியாகப் பட்டதால் அதன்மேல் 3 செ.மீ. கெட்டி ஓடு பிடித்திருந்தது. புது வழி போடுவதைவிட, ஏற்கெனவே உழப்பட்டு உறையத் தொடங்கிய வழி மேல்.

பிறகு வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். டனலிலும் சக்கரங்களுக்கு இடையிலும் இருந்த கூழைக் கையாலும் கழியாலும் தள்ளினார்கள். ஏறத்தாழ இரண்டு வாளி. கோடரியின் பக்கம் போகவில்லை. பட்டையின் உள் நரம்பு அறுந்தால் வண்டியே முடிந்தது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் சாய்த்து வைக்கவில்லை. எண்ணெய் காற்றுப் பெட்டிக்குள் இறங்கிவிடும். சாய்ந்திருக்கும்போதே பட்டை அமரும் இடத்தில் கழிகளைக் குறுக்கே போட்டு, மேலே கிளைகளை அடுக்கி, நிமிர்த்தினார்கள்.

கிளப்பும் முன் த்ராட்டில் நெம்பைச் சோதித்தார்கள். ஈரப்பனி அதற்குள் உறைந்து நெம்பு திறந்த நிலையில் ஒட்டிக்கொள்வது உண்டு. எஞ்சின் கிளம்பியதும் வண்டி பாயும். விரலால் சூடேற்றி, விட்டால் திரும்புகிறதா என்று பார்த்து, அவசர நிறுத்தக் கயிற்றை ஓட்டுபவர் உடையில் மாட்டி, அப்புறம்தான் சாவி. அனுபவம் கூடிய முன்னவர் தனியாக ஓட்ட, இருவர் முன்பக்கச் சறுக்குப் பலகைகளான ஸ்கீக்களைப் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்து இழுத்து, வண்டி நகர்ந்ததும் விலகினார்கள். பின்னால் யாரும் நிற்கவில்லை. மூன்றாம் முறையில், 18:20-க்கு, வண்டி ஓடுபாதையில் ஏறியது. நிற்காமல் வளைவு வழியே கெட்டித் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே உடனே மறுபடி சாய்த்து மிச்சக் கூழைத் தட்டினார்கள். அப்படியே நிறுத்தியிருந்தால் கால் மணியில் பட்டை இறுகியிருக்கும்.

விட்டுச் சென்ற வண்டி, திரும்பிய வழி

முதல் வண்டியை ஏரியில் விடுவதற்கு முன் ஸ்லெட்டைக் கழற்றி, வண்டியின் பின்பகுதியைத் தூக்கி, பட்டைக்கு அடியில் இரண்டு கழி, வலது ஸ்கீக்கு அடியில் ஒன்று வைத்தார்கள். இடது ஸ்கீக்குக் கழி போதவில்லை, நேரமும் இல்லை. வண்டியைச் சுற்றிலும், அங்கிருந்து கெட்டித் திட்டு வரையிலும் பனிக் காலணியால் மிதித்து வைத்தார்கள். அந்த இருபது நிமிட மிதிப்பு மறுநாள் வேலையைப் பாதியாகக் குறைத்தது.

பயணியைத் தூக்கப்பையோடு பனிக் காலணி அணிந்த இருவர் சுமந்து திட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

குடிலுக்கு இன்னும் 10 கி.மீ., ஊருக்கு 12. ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். காற்று முதுகில், தடம் அன்றே ஓடிப் பார்த்தது, கடைசியில் மருத்துவமனை இருக்கும் பக்கம் சாலை. குடிலுக்குப் போனால் காற்று முகத்தில், தடம் மூடிய நிலையில், காலுக்கு மருத்துவம் பார்க்க மறுபடி ஏரியைத்தான் கடக்க வேண்டும். இரண்டு கி.மீ. கூடுதல் தூரம் கணக்கிலேயே வரவில்லை. திட்டிலிருந்து தடத்துக்கு நடு ஏரி வழியாக, நேர்க்கோட்டில், நிறுத்தாமல் போனார்கள். 19 மணிக்கு இரண்டாவது செய்தி அனுப்பி, 20:05-க்கு ஊர்க் கரையேறினார்கள்.

மறுநாள்

இரவில் மைனஸ் 29 வரை இறங்கியது. காலை 9:30-க்கு மூன்று பேர் இரண்டு வண்டிகளில் திரும்பினார்கள். மிதித்த பாதை 10 செ.மீ. கனத்துக்கு உறைந்து, வண்டியே ஓடும் அளவுக்குக் கெட்டியாகியிருந்தது. மிதிக்காத இடத்தில், ஒரு மீட்டர் தள்ளி, கோல் விட்டால் இன்னும் கூழ்.

கழி மேல் நின்ற பட்டை உறைந்து ஒட்டவில்லை. கழி வைக்காத இடது ஸ்கீ 9 செ.மீ. ஐஸுக்குள். அதை மட்டும் வெட்டி எடுக்க 50 நிமிடம். டனலுக்குள் இருந்த கூழ் ஒரே கட்டியாகியிருந்தது. கழியால் நெம்பி, சில்லுச் சில்லாகப் பெயர்த்தார்கள். வண்டியை அசைக்க நங்கூரம் வேண்டியிருந்தது. 12 மீட்டர் முன்னால் ஐஸில் துளையிட்டு, நடுவில் கயிறு கட்டிய ஒரு முழக் கழியைச் செங்குத்தாக உள்ளே விட்டு, இழுத்ததும் அது ஐஸுக்கு அடியில் குறுக்காகப் படுத்துக்கொண்டது. அதில் கையால் சுற்றி இழுக்கும் கைவின்ச்சை மாட்டி, இரண்டு ஸ்கீ கால்களின் அடியிலும் கயிறு கட்டி இழுத்தார்கள். ஸ்கீயின் நுனி வளையத்தில் கட்டினால் வளைந்துவிடும். தேய்ந்த பெல்ட்டை மாற்றி, 13:10-க்கு வண்டி சொந்த எஞ்சினில் கிளம்பியது. ஸ்லெட் காலியாக முன்னே, சாமான் இரண்டு நடையாகப் பின்னே.

பயணியை இரவே மருத்துவமனையில் பார்த்தார்கள். மேலோட்டமான பனிக்கடி, தெளிந்த நீர்க்கொப்புளங்கள், மூன்று வாரத்தில் ஆறின. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த மூன்று விரல்களும் சிறு குளிருக்கே வலித்தன.

மாற்ற வேண்டியவை

நேரத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. சூரியன் மறைவதற்கு நான்கு மணி நேரத்துக்குள் கிளம்ப நேர்ந்தால், அன்று பயணம் இல்லை. அன்றைய தாமதத்துக்கு இந்த விதி இருந்திருந்தால் மறுநாள் காலை கிளம்பியிருப்பார்கள்.

பெரும் பனிக்குப் பின் ஒரு வாரத்துக்குத் தடத்தைவிட்டு இறங்குவதில்லை. இறங்கியே ஆக வேண்டுமானால், இலகுவான வண்டி சுமையில்லாமல் தனியாக முன்னே போய், வளைந்து திரும்பி வந்து, தன் தடத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் தெரிந்தால் அந்த வழி அன்று இல்லை. ஓரிரவு உறையவிட்டு மறுநாள் பார்க்கலாம். ஸ்லெட் வண்டி எப்போதும் கடைசி. அன்று அது முன்னால் போனது வரிசையிலேயே நடந்த பிழை.

வண்டிகளுக்கிடையே 100 மீட்டர் இடைவெளி. முன்னவர் நின்றால் பின்னவர் அவர் தடத்தில் நிற்காமல் பக்கத்துப் புதுப் பனியில் வளைந்து திரும்ப வேண்டும். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் இறங்கினால் த்ராட்டிலை விடாமல் அழுத்தி, கெட்டித் தளம் தெரிந்த பக்கம் நேரே போக வேண்டும். இதைக் கரையிலேயே ஓட்டுபவர் ஒவ்வொருவரையும் வாயால் சொல்லவைக்க வேண்டும். மூன்றாமவர் அதைச் செய்தார், இரண்டாமவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஹெல்மெட்டில் மாட்டும் வாக்கி-டாக்கி மூன்றை இந்தக் குழு பிறகு வாங்கியது.

பின்னிருக்கையில் வருபவருக்கு ஒரே ஒரு கட்டளை: வண்டி நின்றால், ஓட்டுபவர் சொல்லும்வரை கால்பலகையைவிட்டு இறங்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே முடியும் பூட்ஸோடு ஏரிக்குள் யாரும் வருவதில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி மாற்று உறையும் இரண்டு காலுறையும் நீர்புகாப் பையில், ஸ்லெட்டில் அல்ல, அவரவர் வண்டியில். நனைந்தவர் இருந்தால் முதல் ஐந்து நிமிடம் அவர் காலுக்கு; அதுவரை எந்த எஞ்சினும் ஓடக் கூடாது.

வெட்டிய கழிகள் ஆறு இப்போது அந்த ஸ்லெட்டின் பக்கவாட்டில் நிரந்தரமாகக் கட்டியிருக்கின்றன. கூடவே சென்டிமீட்டர் கோடு போட்ட ஒன்றரை மீட்டர் கோல் ஒன்று; பனிக்குள் விட்டு எடுத்ததும் நுனியில் ஈரம் எவ்வளவு உயரம் என்று பார்க்க.